பெரிய டாக்டரை நான் ஆபரேஷன்ல ஜெயிச்ச கதை

ஒண்ணும் தெரியாதவளுக்கு இந்த உலகத்துல மரியாதை கெடையாதுன்னு சொல்லிச் சொல்லியே என்னை வளத்தாங்க. அது சுத்தப் பொய்யி. ஒண்ணும் தெரியாதுங்கற ஒரே தகுதிக்காக என்னைத் தேடி வீட்டு வாசல்ல ஆட்டோ வந்து நின்னுச்சு. புத்தூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரியில, வெள்ளைக் கோட்டு போட்டவங்களுக்கு நடுவுல உக்கார வெச்சு, குளுகுளுன்னு ஏசியப் போட்டு, டீயும் குடுத்தாங்க. (டீயில சக்கரை இல்ல. சக்கரை இருக்கா இல்லையான்னு நம்மகிட்ட கேக்கறதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரிக்காரங்க முடிவு பண்ணிடறாங்க.) எல்லாம் தெரிஞ்ச எங்க வீட்டுக்காரர அன்னிக்கு ஒருத்தரும் கூப்பிடல. அந்த வயித்தெரிச்சல் அவருக்கு இன்னும் இருக்கு.

விஷயம் இதுதான். என் மகன் சேகருக்கு அரியமங்கலத்துல லேத்துப் பட்டறை. அவனோட மூத்த பொண்ணு மகா. அப்பாவப் பெத்தவங்கறதால அவளுக்கு நான் "அப்பாயி". இஞ்சினீயரிங்ல மேல்படிப்பு. அவ படிப்பு என்னன்னு யாராவது கேட்டா, நான் "கம்ப்யூட்டர்"னு சொல்லிட்டு வேற பேச்சுக்குப் போயிடுவேன். ஆனா அந்தக் கடைசி வருஷம் அவ பண்ணின வேலைய மட்டும் என்னால மறக்கவே முடியாது. என் மூஞ்சியே அதுக்குள்ள மாட்டிக்கிச்சே.

நம்ம ஒடம்புல ரத்தக் குழாய் இருக்கில்ல, அதுல சிலது இடியாப்ப இழை மாதிரி பொடிசா இருக்குமாம். மெஷின்ல மாட்டி ஒருத்தனுக்கு விரல் துண்டாயிடுச்சுன்னா, இந்தப் பக்கத்து இழையையும் அந்தப் பக்கத்து இழையையும் சேத்து வெச்சுத் தைக்கணும். தலைமுடியவிடச் சன்னமான நூலு. ஊசின்னு அவங்க காட்டினது எனக்குத் தூசியாத்தான் தெரிஞ்சுது. மைக்ராஸ்கோப்புல கண்ண வெச்சுக்கிட்டே தைக்கணும். புதுசாப் படிக்கற டாக்டர் நேரா மனுஷன் மேல கைய வெச்சா மனுஷன் என்னாவான்? அதனால மொதல்ல ரப்பர் குழாய்ல தைச்சுப் பழகுவாங்களாம். நாடகத்துக்கு ஒத்திகை பாக்கற மாதிரி.

அந்த ஒத்திகையில யாரு கை நல்லா ஓடுது, யாரு கை தடுமாறுதுன்னு பெரிய டாக்டர் ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் நின்னுக்கிட்டே இருக்க முடியுமா? அதுக்குத்தான் மகா ஒரு வித்தை பண்ணி வெச்சிருந்தா. கைக்கொண்ணா ரெண்டு கருவி. ஒண்ணு இடுக்கி மாதிரி, இன்னொண்ணு ஊசியக் கவ்வுறது. ரெண்டோட நுனிகிட்டயும் கடுகு மாதிரி ஒரு மினுக்குப் பொட்டு ஒட்டுவா. மேல வட்டமா ஒரு வெளக்கு. எதிர்ல ரெண்டு குட்டிக் கேமரா. பொட்டு மினுங்க மினுங்க, கருவி எங்கெல்லாம் போவுதுன்னு கேமரா பாத்துச் சொல்லும், கம்ப்யூட்டர் டிவியில கோடு போடும். எடது கைக்குச் செவப்புக் கோடு, வலது கைக்கு நீலக் கோடு. கோடு சிக்கில்லாம, சுருக்கமா, நிதானமா இருந்தா நல்ல கை. கடைசியில மார்க்கு.

ஒரு கேமரா பத்தாதான்னு கேட்டேன். ஒரு கேமரான்னா எடது வலது தெரியுமே தவிர, கருவி கிட்ட இருக்கா எட்ட இருக்கான்னு தெரியாதாம். "ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு ஊசியில நூல் கோத்துப் பாரு அப்பாயி, அப்பத் தெரியும்"னா. நான் ரெண்டு கண்ணையும் தொறந்து வெச்சே நூல் கோத்ததில்லடின்னு சொன்னேன். அத நான் சொல்லாமலே இருந்திருக்கலாம். அந்த நிமிஷந்தான் அவ என்னை ஒரு மாதிரிப் பாத்தா. சந்தையில மாட்டப் பாக்கற பார்வை.

அந்த வாரம் புத்தூர் ஆஸ்பத்திரியில பெரிய டாக்டர் முன்னாடி இந்த வித்தையச் செஞ்சு காட்டணும். அவருக்குப் புடிச்சுப் போச்சுன்னா, தன்கிட்ட படிக்கற டாக்டர் பசங்கள மகாவோட கேமரா முன்னாடி உக்காந்து தைக்கச் சொல்லி அனுப்புவாரு. அவங்க தைக்கறதப் படம் புடிச்சாத்தான் மகாவுக்குப் படிப்பு முடியும். படிப்பு முடிஞ்சாத்தான் பெங்களூர்ல பேசி வெச்சிருக்கற வேலை. டாக்டர் உதட்டப் பிதுக்கிட்டாருன்னா எல்லாம் போச்சு. மறுபடி ஒரு வருஷம். பொண்ணு சோறு எறங்காமக் கெடந்தா.

செஞ்சு காட்டறதுக்கு ரெண்டு கை வேணுமாம். ஒண்ணு தெரிஞ்ச கை, ஒண்ணு தெரியாத கை. ரெண்டுக்கும் வித்தியாசத்தக் கம்ப்யூட்டர் கண்டுபுடிக்குதான்னு டாக்டர் பாக்கணும். தெரிஞ்ச கை பெரிய டாக்டரே. தெரியாத கைக்கு மகா ஒரு ஹாஸ்டல் பொண்ண ஏற்பாடு பண்ணியிருந்தா. அந்தப் பொண்ணுக்கு மொத நாள் அம்மை போட்டுடுச்சு. நான் சமயபுரம் இருக்கற பக்கம் கும்பிட்டுட்டு, பாவம் குழந்த, சீக்கிரம் தலைக்குத் தண்ணி ஊத்தட்டும்னு சொல்லிட்டுத் திரும்பினா, மகா என்னையே பாத்துக்கிட்டு நிக்கிறா.

வீட்டுல வேற ஆளே இல்லையான்னு கேட்டேன். சேகருக்கு லேத்துல வேலை செஞ்ச கை, நெதானம் ஜாஸ்தி, ஆவாது. மருமக பிளவுசுக்கு மணி கோக்கறவ, ஆவாது. தாத்தாவுக்குக் கை நடுக்கம், அவரு உக்காந்தா கம்ப்யூட்டர் பூகம்பம்னு நெனைச்சுக்கும். அப்புறம் யாரு? மூணாங் கிளாசு தாண்டாதவ, ஒரு பொத்தான் தைக்கறதுன்னாலும் பக்கத்து வீட்டுக்குக் குடுத்தனுப்பறவ. (அந்தப் பக்கத்து வீட்டம்மா எனக்குத் தைச்சுக் குடுத்தே ஒரு கண்ணாடி போட்டுக்கிட்டாங்க.) "நீ இருக்கற மாதிரியே வந்து உக்காந்தாப் போதும் அப்பாயி"ன்னா மகா. இதவிட மரியாதையா ஒருத்திய முட்டாள்னு சொல்ல முடியாது.

சரி, புள்ளைக்காகப் போவோம்னு ஒத்துக்கிட்டேன். அதுக்கப்புறம் ஆரம்பிச்சா பாருங்க கெடுபிடி. கையில மினுங்கற சாமான் ஒண்ணு இருக்கக்கூடாதாம். வெளக்கு பட்டு மினுங்கினா கேமரா கொழம்பிடுமாம். வளையலக் கழட்டு. மோதிரத்தக் கழட்டு. மோதிரம் வரல. சோப்பு போட்டு, எண்ணெய் போட்டு, சேகர் இழுத்து, நான் கத்தி, ஒருவழியா வந்துச்சு. புருஷன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கறப்ப மூளிக் கையாப் போறதா? ரெண்டு மணிக்கட்டுலயும் மஞ்சக் கயித்தக் கட்டிக்கிட்டேன். கயிறு மினுங்காதேன்னு அவளும் விட்டுட்டா. பட்டுப்பொடவ எடுத்தேன், ஜரிகை மினுங்கும்னு புடுங்கி வெச்சுட்டா. வெளுத்துப்போன நூல் பொடவயக் குடுத்தா. பெரிய மனுஷங்க இருக்கற எடத்துக்கு நான் வத்தல் காயப்போடப் போறவ மாதிரி போவணும்.

எனக்கு அப்படி ஒரு எரிச்சல். கையில இல்ல, பொடவயில இல்ல, சரி, மூஞ்சியிலயாவது ஒரு களை இருக்கட்டும்னு, காலையில குளிச்சதும் பல்பொடியத் தொட்டு மூக்குத்தியத் தேய்ச்சேன். எனக்கு ரெண்டு பக்கமும் மூக்குத்தி. ஏழு கல்லு. எங்க மாமியார் போட்டு அழகு பாத்தது. அன்னிக்கு அது எப்படி ஜொலிச்சுதுன்னா, கண்ணாடியில என்னைப் பாத்து எனக்கே கண்ணு கூசிச்சு. மகா என் கைய இப்படித் திருப்பி அப்படித் திருப்பி ஒரு மினுக்கு இல்லாமப் பாத்துட்டு, ரொம்பத் திருப்தியா ஆட்டோவுல ஏறினா. மூஞ்சிய ஒரு தடவ ஏறெடுத்துப் பாத்திருந்தா இந்தக் கதையே இல்ல. வீட்டுல இருக்கறவ மூஞ்சிய யாரு பாக்கறா?

கேமராவ முறுக்கு டின்னுக்குள்ள துணி சுத்தி வெச்சு என் மடியில குடுத்துட்டா. சேகர் பட்டறையில கடைஞ்சு குடுத்த ஸ்டாண்டு அவ மடியில. ஸ்ரீரங்கத்துலேருந்து காவேரிப் பாலம் தாண்டற வரைக்கும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவ "டின்னு, டின்னு"ங்கறா. என் இடுப்பப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல.

பெரிய டாக்டர் குள்ளமா, துறுதுறுன்னு இருந்தாரு. தங்க ஃபிரேம் கண்ணாடி. சிரிச்சா வரி போடுவாங்களோன்னு பயந்த மூஞ்சி. அவரைச் சுத்தி படிக்கற டாக்டர் பசங்க, பொண்ணுங்க. மகா ஸ்டாண்ட நிறுத்தி, வெளக்கப் போட்டு, இங்கிலீஷ்ல கடகடன்னு என்னவோ சொன்னா. நடுவுல நடுவுல டாக்டர் மூஞ்சியவே பாத்துக்கிட்டா. பாவமா இருந்துச்சு.

மொதல்ல டாக்டர் உக்காந்தாரு. கை எடுக்கறதும் தெரியல, வெக்கறதும் தெரியல. டிவியில செவப்பும் நீலமும், கை தேர்ந்தவ போட்ட கோலம் மாதிரி, இழை பிசகாம ஓடுச்சு. மார்க்கு தொண்ணூத்தி ஒண்ணு. மத்த ஒம்பது எங்க போச்சுன்னு அவரு மகாகிட்ட கேட்டாரு. வெளையாட்டாக் கேட்டாருன்னு நான் சிரிச்சேன். வேற யாரும் சிரிக்கல. அவரு நெசமாத்தான் கேட்டிருக்காரு.

அடுத்து நானு. உள்ள மாவு தூவின ரப்பர் கையுறை ரெண்டு மாட்டி விட்டாங்க. மைக்ராஸ்கோப்புல ரெண்டு ஓட்டை. ரெண்டு கண்ணையும் வெச்சுப் பாத்தா ஒரே வட்டமாத் தெரியணுமாம். என்னோட எடது கண்ணு பொரை எடுத்தது, வலது கண்ணு இன்னும் எடுக்கல. ரெண்டும் பங்காளிச் சண்டை போட்ட வீடு மாதிரி, ஒண்ணு காட்டறத இன்னொண்ணு ஒத்துக்காது. எனக்கு ரெண்டு வட்டம், ரெண்டு குழாய், நாலு கருவி தெரியுது. எந்தக் குழாய்ல தைக்கணும்னு கேட்டேன். குழாய் ஒண்ணுதான் அப்பாயின்னா மகா, பல்லக் கடிச்சுக்கிட்டு.

நான் எடது கைய அசைச்சா வலது ஆடுது. கருவிய மெதுவா நகத்துனா அது அந்த ஓட்டைக்குள்ள பஸ்ஸு மாதிரி குறுக்க ஓடுது. டிவியில கோடு எப்படி இருந்துச்சுன்னு அப்புறமாக் காட்டினாங்க. எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டுச் சீவாம விட்ட தலை மாதிரி இருந்துச்சு. மார்க்கு ஏழு. அந்த ஏழும் வந்து உக்காந்ததுக்காகப் போட்டது.

ஆனா பெரிய டாக்டருக்குச் சந்தோஷம். வித்தியாசம் நல்லாத் தெரியுதேன்னு தலைய ஆட்டினாரு. மகா மூஞ்சியில ரத்தம் ஓட ஆரம்பிச்சுது. அதோட எழுந்திரிச்சு வந்திருந்தோம்னா எல்லாம் சுபம். அப்பத்தான் அந்த மனுஷன், "பாட்டிம்மா, ஒரு தையலாவது முடிச்சுட்டுப் போங்க"ன்னாரு.

ஒரு தையல் முடிக்கணும்னா ஊசி வேணுமில்ல? ஊசியக் காணோம். எங்க விட்டேன்னு தெரியல. ஓட்டை வழியாப் பாத்தா ரெண்டு வட்டத்துலயும் இல்ல. எனக்குக் கழுத்து வலிக்குது, கையுறைக்குள்ள கை வேகுது, சுத்தி நின்னு அத்தன பேரும் என் முதுகப் பாக்கறாங்க. சீன்னு ஆயிடுச்சு. கருவி ரெண்டையும் ஓரமா இருந்த தட்டுல வெச்சேன். மைக்ராஸ்கோப்பு கழுத்தப் புடிச்சு அந்தாண்ட தள்ளினேன். நம்ம கண்ணே நமக்கு ஒசத்தின்னு, அந்த வெளக்குக்கு அடியில, குழாய்க்கு நேர் மேல குனிஞ்சு, ஊசியத் தேட ஆரம்பிச்சேன். அரிசியில கல்லு பாக்கற மாதிரி, இந்த ஓரத்துலேருந்து அந்த ஓரம் வரைக்கும், மெதுவா, நிதானமா.

பின்னாடி யாரோ "அட"ன்னாங்க.

மகா அந்நேரம் டிவியவேதான் பாத்துக்கிட்டிருந்தா. மத்தவங்களும் அதேதான். நான் குனிஞ்சிருக்கேன், என் முதுகு மறைச்சிருக்கு, கையில என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? கோடு திடீர்னு ஒழுங்காயிடுச்சாம். செவப்பும் நீலமும் அக்கா தங்கச்சி மாதிரி ஒண்ணாப் போவுதாம், ஒண்ணாத் திரும்புதாம். மார்க்கு இருவது, நாப்பது, அறுவதுன்னு ஏறுது. ஒரு டாக்டர்ப் பொண்ணு சத்தமாவே சொன்னா, ரெண்டு கைக்கும் நடுவுல இருக்கற தூரம் ஒரு நூலளவுகூட மாறலையேன்னு. இன்னொரு பையன், இந்த மாதிரிக் கட்டுப்பாட்ட நான் பாத்ததே இல்லன்னான்.

என் காதுல இதெல்லாம் விழுந்துச்சு. எனக்கு என்ன தோணிருக்கணும்? கருவியக் கீழ வெச்சாச்சே, அப்புறம் யாரு தைக்கிறான்னு தோணிருக்கணும். தோணல. ஆஹா, நம்ம பொறுமையப் பத்தித்தான் பேசறாங்க, ஊசி தேடறதுக்கும் மார்க்கு உண்டு போலருக்குன்னு நெனைச்சேன். நெனைச்சது மட்டுமில்ல, இன்னும் ஸ்டைலாத் தேடினேன். கழுத்த நீட்டி, லேசா ஒரு பக்கமாச் சாச்சு, ஊஞ்சல் ஆடற மாதிரி. மார்க்கு எண்பது தாண்டுச்சு. தொண்ணூறுல நின்னு யோசிச்சுது. அப்புறம் தொண்ணூத்தி ஆறு.

பெரிய டாக்டர் தான் தைச்சப்ப வந்த கோட்ட டிவியில மறுபடி போட்டுக் காட்டச் சொன்னாரு. பாத்தாரு. என்னோடதையும் பாத்தாரு. தொண்டையச் செருமிக்கிட்டு, நீங்க முன்ன எங்கயாவது இந்த மாதிரி வேலை செஞ்சிருக்கீங்களான்னு என் முதுகப் பாத்துக் கேட்டாரு. குரல்ல ஒரு பயம் இருந்துச்சு, அதுல பொய் இல்ல.

நான் அடக்கமா, இல்லைங்கன்னு தலைய ஆட்டினேன்.

டிவியில செவப்பும் நீலமும் சேந்து எடதும் வலதுமா ஆடுச்சு.

"கொஞ்சங்கூடப் பழக்கம் இல்லையா?"

ஆமாங்கன்னு தலைய ஆட்டினேன். ரெண்டு கோடும் மேலயும் கீழயும் குதிச்சுது. அந்நேரம் எனக்குக் கழுத்தெல்லாம் வேர்வை. ரெண்டு கையாலயும் முந்தானைய எடுத்துத் தொடச்சுக்கிட்டேன். டிவியில ஆபரேஷன் பாட்டுக்கு நடக்குது. பக்கவாட்டுல நின்ன அந்த டாக்டர்ப் பொண்ணுதான் மொதல்ல பாத்தா.

"சார், அவங்க கையில ஒண்ணுமே இல்ல சார்."

அந்த நேரம் பாத்துத்தானா கையுறையில இருந்த மாவு என் மூக்குல ஏறணும்? தும்மல்னா சாதாரணத் தும்மல் இல்ல. தெருக்கோடி வரைக்கும் கேக்கற எங்க குடும்பத் தும்மல். ரப்பர் குழாய் எகிறி எங்கயோ போச்சு. டிவியில ரெண்டு கோடும் மண்டை முட்ற மாதிரி பாஞ்சு கீழ எறங்குச்சு. ரூம் பூரா செவப்பு வெளிச்சம் அடிச்சு, பீப் பீப்னு கத்துது. அதுக்கு அர்த்தம் என்னன்னா, ரத்தக் குழாயக் கிழிச்சுட்டாங்க, நோயாளிக்கு ஆபத்து. தொண்ணூத்தி ஆறு மார்க்கு வாங்கின கை ஒரே தும்மல்ல ஒரு உசிரக் காவு வாங்கிடுச்சு.

மகா என் முன்னாடி வந்து நின்னா. டிவியப் பாத்தா, என்னைப் பாத்தா. அப்புறம் என் மோவாயப் புடிச்சு, கடையில கத்திரிக்காயத் திருப்பிப் பாக்கற மாதிரி, எடது பக்கம் திருப்பினா. கோடு எடது பக்கம் போச்சு. வலது பக்கம் திருப்பினா. கோடு வலது பக்கம் வந்துச்சு. பசங்க சிரிப்ப அடக்க முடியாம வெளிய ஓடினாங்க. எடது மூக்குத்தி எடது கை. வலது மூக்குத்தி வலது கை. ரெண்டும் ஒரே மூக்குல இருக்கறப்ப நடுவுல தூரம் எப்படி மாறும்?

பெரிய டாக்டர் கோவமாப் பேசல. கோவமாப் பேசியிருந்தாத் தேவல.

"கையில கருவியே இல்லாதவங்களுக்கு என்னைவிட அதிகமா மார்க் போடற மெஷின நம்பி, என் பசங்கள நான் எப்படிம்மா உக்கார வெப்பேன்?"

சரி பண்ணிட்டுச் சொல்லுங்க, அப்புறம் பாக்கலாம்னுட்டு எழுந்தாரு. நம்ம ஊர்ல அப்புறம் பாக்கலாம்னா என்ன அர்த்தம்னு சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

திரும்பி வர்றப்ப ஆட்டோவுல அவ டின்னப் பத்திக்கூடப் பேசல. பாலம் வர்ற வரைக்கும் பொறுத்துப் பாத்தேன். காவேரியப் பாத்ததும் அவளுக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

"அதக் கழட்டிட்டு வந்திருக்கலாமில்ல அப்பாயி?"

"நீ சொன்னியாடி? கை, கைன்னு உசிர எடுத்தியே, மூக்குன்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

"மூக்கால யாராவது ஆபரேஷன் பண்ணுவாங்களா?"

"பண்ணேனே. தொண்ணூத்தி ஆறு மார்க்கு."

சொல்லியிருக்கக்கூடாது. அவ மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. ஆட்டோக்காரர் கண்ணாடி வழியா என்னை ஒரு பார்வை பாத்தாரு, குழந்தைய அடிச்சவளப் பாக்கற மாதிரி. எனக்கு அழுகையும் வருது, கோவமும் வருது. யாரு மேல கோவப்படறதுன்னு தெரியல. பல்பொடி மேல கோவப்பட்டேன்.

வீட்டுல விஷயத்தக் கேட்டதும் எங்க வீட்டுக்காரர் காலையிலேருந்து இருந்த வயித்தெரிச்சல்ல கொஞ்சத்தத் தீத்துக்கிட்டாரு. கன்னியாகுமரி அம்மன் மூக்குத்தி வெளிச்சத்துல கப்பல் வழி தவறிப் பாறையில மோதுச்சுன்னு சொல்லுவாங்கல்ல, உன் மூக்குத்தியில பேத்தி படிப்பு மோதிடுச்சுன்னாரு. நல்லாத்தான் சொன்னாரு, ஆனா அன்னிக்கு ராத்திரி அவருக்குத் தயிர் கெடைக்கல.

மறுநாள் காலையில நானே சேகர்கிட்ட போயி, குறடு எடுத்துட்டு வாடா, இதக் கழட்டித் தொலைன்னேன். கல்யாணம் ஆனதுலேருந்து கழட்டாத திருகு. புருஷன் இருக்கறப்ப மூக்குத்தி கழட்டக்கூடாதுன்னு நானே ஊருக்கெல்லாம் சொன்னவ. என்ன பண்றது, புள்ள சாப்பிட மாட்டேங்கறா. சேகர் குறடோட வந்து நிக்கிறான், கை வைக்க பயப்படறான். அம்மா மூக்கு, லேத்து இல்லையே. அப்பத்தான் மகா ரூம்லேருந்து எழுந்து வந்தா. தலை கலைஞ்சு, கண்ணு வீங்கி. குறடப் புடுங்கிக் கீழ வெச்சா.

"கழட்டாத. எனக்கு அது வேணும்."

இன்னிக்கு உன் மூக்குத்தியக் கழட்டினா, நாளைக்கு ஒரு டாக்டர் கடிகாரம் கட்டிக்கிட்டு வருவாங்க, இன்னொருத்தர் வளையல் போட்டுக்கிட்டு வருவாங்க, எல்லார்கிட்டயும் போயிக் கழட்டுங்கன்னு கெஞ்ச முடியுமான்னா. கருவி எது, கருவி இல்லாதது எதுன்னு கம்ப்யூட்டருக்குத்தான் கத்துக் குடுக்கணுமாம். கருவி அவகிட்ட இருக்கு. கருவி இல்லாதது நானு.

அதுக்கப்புறம் நான் பட்ட பாடு எந்த மூக்கும் பட்டிருக்காது. கூடத்துல ஸ்டாண்டு, வெளக்கு, கேமரா. மூக்க மேல தூக்கு அப்பாயி. கீழ எறக்கு. எடது பக்கம். கொட்டாவி விடு. தும்மு. தும்மல் வரலைன்னா மொளகாப்பொடிய மோந்து பாரு. ஃபேனப் போட்டா வெளக்கு நெழல் ஆடுதுன்னு ஃபேன நிறுத்திட்டா. நான் வடாம் மாதிரி காயறேன். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பாத்து, சீரியல்ல நடிக்கறீங்களான்னு கேட்டாங்க. ஆமா, மாமியார் வேஷம்னு சொல்லிட்டேன். அவங்க அதத் தெரு பூராச் சொல்லிட்டு வந்தாங்க. எந்தச் சேனல், எத்தன மணிக்குன்னு கேக்கறவங்களுக்குப் பதில் சொல்லியே வாய் வலிச்சுது. வளையல், மோதிரம், கடிகாரம், கம்மல், எவர்சில்வர் ஸ்பூன், தாத்தாவோட தங்கப் பல்லு, எல்லாத்தையும் என் மூக்குக்குப் பின்னாடி வரிசையில நிக்க வெச்சா. இந்தக் கருவி இல்லாத கூட்டத்துக்கு ஒரு பேரு வெக்கணுமில்ல? அவ கம்ப்யூட்டர்ல சட்டுனு கையில வந்தத அடிச்சா. "அப்பாயி."

ஒரு வழியா முடிச்சுட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிக் காத்துக் கெடந்தா. பெரிய டாக்டர் ரெண்டு தடவ பாக்காம அனுப்பிட்டாரு. மூணாவது தடவ, சரி, ஆனா அந்த அம்மாவையும் கூட்டிட்டு வாங்கன்னாராம். போனேன். குனியச் சொன்னாரு. குனிஞ்சேன். இந்தத் தடவ டிவியில கேமராப் படமும் தெரிஞ்சுது. என் மூக்கச் சுத்தி ஒரு பச்சைக் கட்டம், அதுக்கு மேல கொட்டையெழுத்துல "அப்பாயி". கோடு ஒண்ணும் இல்ல. மார்க்கு ஒண்ணும் இல்ல. தலைய ஆட்டினேன். கட்டம் மட்டும் ஆடுச்சு. பசங்க கை தட்டினாங்க. டாக்டர் தட்டல.

நான் உக்காந்து பாக்கறேன்னு அவரு கருவிய எடுத்தாரு. செவப்பும் நீலமும் பழையபடி அழகா ஓடுச்சு. தையல் முடியற எடத்துல, ஏதோ சரியில்லன்னு, அவரும் என்ன மாதிரியே மைக்ராஸ்கோப்புலேருந்து கண்ண எடுத்துட்டு நேரா குனிஞ்சு பாத்தாரு. தங்க ஃபிரேம் கண்ணாடி வெளக்குக்கு அடியில பளீர்னு மின்னுச்சு.

டிவியில பெரிய டாக்டர் மூக்கு மேல ஒரு பச்சைக் கட்டம். "அப்பாயி."

மகா மேசையக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டா. நான் சும்மா இருந்திருக்கணும். வாய் இருக்கே.

"வாங்க, நம்ம கூட்டத்துக்கு"ன்னேன்.

அந்த மனுஷன் நிமிந்தாரு. டிவியப் பாத்தாரு. கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. அப்ப அந்தக் கட்டமும் போயிடுச்சு. மறுபடி மாட்டிக்கிட்டுக் குனிஞ்சாரு, கட்டம் வந்துடுச்சு. ரெண்டு மூணு தடவ அதையே செஞ்சு பாத்தாரு, குழந்த சுவிச்சப் போட்டுப் போட்டு அணைக்கற மாதிரி. அப்புறம் பசங்க பக்கம் திரும்பி, நாளையிலேருந்து எல்லாரும் இதுலதான் பழகணும்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டுப் போயிட்டாரு. சிரிச்சாரான்னு கேக்காதீங்க. கதவத் தாண்டினப்புறம் முதுகு குலுங்கிச்சு. அவ்ளோதான் பாத்தேன்.

மகா இப்ப பெங்களூர்ல இருக்கா. அந்த ஆஸ்பத்திரியில அவ வெச்சுட்டு வந்தது இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. கம்ப்யூட்டரே கண்டுபுடிச்சுடும்னாலும், டிவியில அந்தப் பேரு வந்தா மத்தவங்க சிரிப்பாங்கன்னு, பசங்க பழக உக்கார்றதுக்கு முன்னாடி ஒருத்தர் கையையும் கழுத்தையும் இன்னொருத்தர் பாத்து, "அப்பாயி இருக்கா?"ன்னு கேப்பாங்களாம். இல்லைன்னு சொன்னாத்தான் கருவியவே தொடுவாங்க. யாருக்கு அப்பாயி, ஏன் அப்பாயின்னு புதுசா வர்றவங்களுக்குத் தெரியாது. மருத்துவ வார்த்தைன்னு நெனைச்சுக்கறாங்க போல.

போன மாசம் ராஜகோபுரத்துக்கிட்ட காய் வாங்கிக்கிட்டிருந்தேன். ஒரு பொண்ணு வந்து என் மூஞ்சியவே உத்துப் பாத்துட்டு, "நீங்கதானே அந்த அப்பாயி?"ன்னா. அங்கதான் படிக்கறாளாம், அன்னிக்குச் சுத்தி நின்னவங்கள்ல ஒருத்தியாம். நான் ஆமாம்மான்னு தலைய ஆட்டினேன். அவ மரியாதையாச் சிரிச்சுக்கிட்டே, என்கிட்ட பேசிக்கிட்டே, விரல்ல இருந்த மோதிரத்தக் கழட்டிக் கைப்பையில போட்டுக்கிட்டா. கடிகாரத்தையும் அவுக்க ஆரம்பிச்சா.

"அடி, வெண்டைக்காதான் வாங்கறோம். போட்டுக்க"ன்னேன்.